இரவு ஷிப்ட் தம்பிக்கும், மற்ற எல்லோருக்கும்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள் முடிந்தது. பந்தல்காரர் வந்து கம்பையும் ஷீட்டையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, வாடகை நாற்காலியில் ஒன்று குறைகிறது என்றார். யார் வீட்டிலாவது நீல நாற்காலி ஒன்று கூடுதலாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். கோபமெல்லாம் இல்லை.

மருத்துவமனையில் இருந்த நாட்களைப் பற்றி இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப்பேர் அந்த வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள், மீதிப்பேர் போனில் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். எனக்கும் அதைச் சொல்லத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

யாருக்கு முதலில் சொல்வது என்று நேற்று ராத்திரி நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் டாக்டர்களைச் சொன்னார். தங்கச்சி, ரத்தம் கொடுக்க வந்த பசங்களைச் சொன்னாள். எனக்கு ஒரே ஒருவர் முகம்தான் வந்தது. அவர் பெயரை எழுத முடியாது. "எங்கயும் எம்பேரச் சொல்லிடாதீங்கக்கா, இது என் வேலையில்ல, சூப்பர்வைசர் கேட்டா நான் பதில் சொல்லணும்" என்று கேட்டுக்கொண்டார். அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். அந்த வார்டில் இரவு ஷிப்டில் பெட்ஷீட் மாற்றி, பெட்பேன் எடுத்து, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற தம்பி.

ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றி மூன்றாம் நாள். அப்பாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. கண் திறக்கவில்லை. ஆனால் வலது கை மட்டும் சும்மா கிடக்காது. மெல்ல எழும்பி முகத்துக்குப் போகும், மாஸ்கின் ஓரத்தைத் தொடும், தாடையில் உரசும். இறக்கி வைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி போகும். மாஸ்கைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று சிஸ்டர் நினைத்தார். நாங்களும் அப்படியேதான் நினைத்தோம். இரண்டு தடவை மாஸ்க் நழுவி ஆக்சிஜன் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு மணிக்கட்டில் துணியைச் சுற்றிக் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அத்தனை கட்டில்களையும் ஒரே சிஸ்டர் ஓடி ஓடிப் பார்த்த ராத்திரி அது. கட்டலாம் என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

விடியற்காலை நாலரை இருக்கும். பக்கத்துக் கட்டிலுக்குப் பெட்ஷீட் மாற்ற வந்த தம்பி, அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு நின்றார். கை கட்டியிருந்தது, விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ மெல்லிசாகப் பிடித்திருக்கிற மாதிரி.

"அக்கா, தாத்தா மாஸ்க்கப் புடுங்கல. தாடியத் தடவிப் பாக்குறாரு. டெய்லி ஷேவ் பண்ற ஆளா?"

அப்போதுதான் பார்த்தேன். ஏழு நாள் தாடி, வெள்ளை வெளேரென்று முள் முள்ளாக. ஐம்பத்தைந்து வருஷமாக அவருக்கு மகளாக இருக்கிறேன், அந்த முகத்தில் தாடியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏழு நாளாக அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும் அது என் கண்ணில் படவில்லை. மானிட்டரில் ஓடிய எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1963இல், சீனச் சண்டை முடிந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பத்தொன்பது வயதில் காட்பாடியில் ரயில் ஏறி, பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் சேர்ந்தவர். 1780இலிருந்து வருகிற படை அது. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. பயிற்சி கொடுத்த உஸ்தாத் காலையில் வரிசையில் நிற்க வைத்து, ஒரு காகிதத்தை எடுத்து ஒவ்வொருவர் தாடையிலும் எதிர்ப்பக்கமாக இழுப்பாராம். சர்ரென்று சத்தம் வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டியதுதான். "ஒரே ஒரு நாள் ஓடுனேன், அதோட சரி" என்பார்.

அதோடு சரியாகத்தான் இருந்தது. 1984இல் ஹவில்தாராக பென்ஷன் வந்தபோது டிரங்குப் பெட்டியில் அந்த அலுமினிய மக், நிறம் போன பிரஷ், இரும்பு ரேசர், படிகாரக் கட்டி எல்லாம் கூடவே வந்தன. அஞ்சு மணிக்கு ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டுவார். ரேசரை மக் விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவார். எங்கள் வீட்டில் யாரும் அலாரம் வைத்ததில்லை, அந்த இரண்டு தட்டுதான். பேங்கில் காவலாளியாக இருந்த காலத்தில் ராத்திரி டியூட்டி முடித்து வந்தாலும் முதலில் சவரம், பிறகுதான் தூக்கம். எங்கள் அம்மா இறந்தது விடியற்காலையில். அன்றும் சவரம் செய்து, சட்டையை மாற்றிக்கொண்டு, அதற்கப்புறம்தான் வாசலுக்கு வந்து "எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார். அப்போது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

இதை எல்லாம் அந்தத் தம்பியிடம் கடகடவென்று சொன்னேன். பாதியைக் கேட்டிருப்பார். சிஸ்டரிடம் போய்ப் பேசினார். சிஸ்டர் முதலில் முடியாது என்றுவிட்டார். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டிருக்கிறார்கள், பிளேடு பட்டால் நிற்காது. நியாயம்தான். "நெஞ்சு மேல சத்தியமா ஒரு கீறல் படாது சிஸ்டர், எங்க தாத்தாவுக்கு ரெண்டு வருஷம் நான்தான் பண்ணிவுட்டேன்" என்றார் தம்பி. டியூட்டி டாக்டரைக் கேட்டு, மாஸ்கை எடுத்துவிட்டு மூக்கில் வைக்கிற சின்னக் குழாயை மாட்டினார்கள். பத்து நிமிஷம், அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட இல்லை என்றார் சிஸ்டர். சொல்லிவிட்டு, அவரே நின்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் என் நன்றி.

சாமானுக்கு அண்ணனை எழுப்பி வீட்டுக்கு விரட்டினேன். அப்பாவின் மக்கும் பிரஷும்தான் வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். பிளாஸ்கில் இருந்த வெந்நீரில் பிரஷை நனைத்து நுரை தேய்த்தார் தம்பி. ஒரு கையால் கன்னத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே, முடி போகிற போக்கிலேயே, எதிர்ப்பக்கம் இழுக்காமல். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடைத் துணியில் துடைத்தார். தொண்டைக் குழிக்கு வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டார், நான் பார்த்தேன். மூக்குக்குக் கீழே வந்து நின்றுவிட்டார்.

"மீசைய என்னக்கா பண்ண? எப்படி வெச்சிருப்பாரு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நறுக்கு மீசை என்று தெரியும், எவ்வளவு நறுக்கு, எங்கே முடியும் என்றால் தெரியாது. பையில் பென்ஷன் காகிதங்களோடு, பட்டாளத்தை விட்டு வரும்போது அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக் இருந்தது. ரெஃபரலுக்குத் தேவைப்படுமோ என்று தூக்கி வந்தது. எடுத்து போட்டோவைக் காட்டினேன். நாற்பது வயது அப்பா. தம்பி அதைத் தலையணை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அதைப் பார்ப்பதும் இதைப் பார்ப்பதுமாக, கத்தரிக்கோலால் நுனி நுனியாக வெட்டினார். உதட்டு ஓரத்தில் அரை விரற்கடை விட்டு முடிகிற மீசை. அப்படியே வந்தது.

படிகாரத்தை நனைத்துத் தடவியபோது அப்பாவின் முகம் லேசாகச் சுருங்கியது. கட்டை அவிழ்த்துவிட்டோம். கை எழும்பியது. கன்னத்தில் ஒரு தடவல், தாடைக்குக் கீழே ஒரு தடவல். பிறகு தானாக இறங்கி வயிற்றின்மேல் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் அந்தக் கையை யாரும் கட்டவே இல்லை.

ஐநூறு ரூபாயை நீட்டினேன். தம்பி அதைப் பார்க்கக்கூட இல்லை. "நாளைக்குப் புது பிளேடு வாங்கி வையுங்கக்கா, இது மொக்க" என்றார். நாளைக்கும் வருவார் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். வந்தார். பதினொரு நாள். ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சற்று முன்னால், அஞ்சு மணிக்கு. ஒரு நாள் அவருக்கு லீவு, அன்றைக்கும் பைக்கில் வந்து முடித்துவிட்டுப் போனார்.

அப்பா நினைவாகப் பேசிய ஒரே வார்த்தை அந்த நாட்களில்தான் வந்தது. பிரஷ் கன்னத்தில் படும்போது கண்ணை மூடியபடியே "தம்பி" என்றார். அது பக்கத்தில் நின்ற பையனைக் கூப்பிட்டதுதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மெட்ராஸ் சாப்பர்கள், அதாவது அப்பாவின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் ஆட்களுக்கு, ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் பெயர். வடநாட்டு அதிகாரிகளும் அப்படியே கூப்பிடுவார்கள். இருபத்தொரு வருஷம் அப்பாவுக்கு அதுதான் பெயர். தன்னைத்தான் சொல்லிக்கொண்டாரோ, பழைய ஆள் யாரையாவது கூப்பிட்டாரோ. பையன் மட்டும் உடனே "சொல்லு தாத்தா" என்றான். (மரியாதையை விட்டுவிட்டேன், மன்னிக்கவும். அந்த நிமிஷத்தில் அவன் எங்கள் வீட்டுப் பையன்.)

அப்பா சண்டையைப் பற்றிப் பேசினவர் இல்லை. மேற்கு எல்லைச் சண்டைக்குக் கொடுத்த பஷ்சிமி ஸ்டார் மெடல் பீரோவில் அம்மாவின் நகைப் பெட்டிக்குள் கிடந்தது. ஒரே ஒரு தடவை, என் பையன் பள்ளிக்கூடத்துக்கு எழுத வேண்டும் என்று நச்சரித்தபோது சொன்னார். 1971 டிசம்பர், பாகிஸ்தான் சண்டை, ஷக்கர்கர் பக்கம், பசந்தர் ஆறு. ராத்திரி, குளிர், எதிரி சுடுகிறான். கண்ணிவெடி புதைத்த நிலத்தில் டேங்க் போகிற அகலத்துக்குப் பாதை எடுக்க வேண்டும். குத்துக்கம்பியைச் சாய்வாக மண்ணில் இறக்கிப் பார்க்க வேண்டும், நேராகக் குத்தினால் வெடிக்கும். எடுத்த பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா. "முழுசா எடுத்து முடிக்கல. டேங்குக்காரங்க காத்திருக்க முடியாதுன்னு எறங்கிட்டாங்க" என்றார். அந்தப் பாதை வழியாகப் போன பூனா ஹார்ஸ் டேங்க் படையில்தான் அருண் கேத்ரபால் இருந்தார். டிசம்பர் 16ஆம் தேதி டேங்குக்குள்ளேயே உயிர்விட்டு, பரம்வீர் சக்கரம் பெற்ற இரண்டாம் லெப்டினன்ட். "எனக்கு இருவத்தேழு, அந்தப் புள்ளைக்கு இருவத்தொண்ணு" என்றார் அப்பா. அதோடு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். ஒவ்வொரு டிசம்பர் 16க்கும் டிவியில், அந்தச் சண்டையில் ஜெயித்த நாள் என்று விஜய் திவஸ் காட்டுவார்கள். அப்பா பார்க்க மாட்டார். கத்தரி நாற்றுக்குக் குழி போட்டுக்கொண்டிருப்பார், அதையும் கம்பியைச் சாய்த்துத்தான் போடுவார்.

வீட்டில் எங்களுக்குத் தெரிந்த அப்பா வேறு ஆள். சின்ன வயதில் '56 ஏபிஓ' என்பது அப்பா இருக்கிற ஊரின் பெயர் என்றே நினைத்திருந்தேன். அது ராணுவத் தபால் நிலையத்தின் நம்பர், எந்த ஊருக்கு மாற்றினாலும் கடிதம் அந்த விலாசத்துக்குத்தான் போகும். பள்ளிக்கூட மேப்பில் தேடியிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, தபால்காரர்தான் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். தெருவே கேட்கும். அதனால் கடிதத்தில் மழை, மாடு, பிள்ளைகள் படிப்பு, கடன் இவைதான் இருக்கும். ஆனால் மடிப்பின் உள்பக்கம், பசை தடவுகிற ஓரத்தில், சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருப்பார். ஏழு கோடு, ஆறு கோடு, அஞ்சு கோடு. லீவுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று. அதைத் தபால்காரருக்குப் படிக்கத் தெரியாது. அம்மா கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அந்த ஓரத்தை மட்டும் பார்ப்பாள்.

அந்த அம்மா பக்கவாதம் வந்து நாலு வருஷம் படுக்கையில் கிடந்தபோது, எழுபது வயதில் அப்பாதான் எல்லாம் செய்தார். ஆள் வைக்கலாம் என்றோம், கேட்கவில்லை. காலையில் தன் சவரத்தை முடித்த கையோடு அம்மாவுக்குத் தலை வாருவார். எண்ணெய் தொட்டு, நேர்வகிடு எடுத்து, பின்னி, பொட்டு வைத்து. யாரும் வரப்போவதில்லை என்றாலும். "தலை கலைஞ்சி கெடந்தா உங்கம்மாவுக்குப் புடிக்காதும்மா" என்பார். அம்மாவால் அதைச் சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பா அம்மாவுக்குச் செய்ததை அப்பாவுக்கு நாங்கள் மூன்று பிள்ளைகள் செய்திருக்க வேண்டும். எங்களுக்குத் தோன்றாததை இரவு ஷிப்டில் வந்த ஒரு பையன் செய்தான். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, அப்படியே விட்டுவிடுகிறேன்.

மற்ற நன்றிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், யாரையாவது விட்டிருந்தால் என் தலையில் குட்டுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ரத்தம் கொடுக்க நாலு பைக்கில் வந்த பசங்களுக்கு. முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஹெச்எஸ் பாலிகிளினிக்கில் சர்வர் வேலை செய்யாத அன்றும் ரெஃபரல் எழுதி வாங்கித் தரும்வரை சாப்பிடப் போகாமல் இருந்த அம்மாவுக்கு. என் ஏழாம் வகுப்பை எடுத்துக்கொண்ட டீச்சர்களுக்கு. எங்கள் பசுவைக் கறந்து பாலையும் சொசைட்டியில் ஊற்றிய எதிர்வீட்டு அத்தைக்கு. தினமும் டிபன் கேரியரை அனுப்பிவிட்டு யார் அனுப்பியது என்று சொல்லாத வீட்டுக்கு (மூடியில் பேர் வெட்டியிருக்கிறது, தெரிந்துவிட்டது). பழைய பட்டாளத்துக்காரர்கள் எட்டுப் பேர், எண்பதைத் தொட்டவர்களும் இருந்தார்கள், தொப்பியை மாட்டி, மெடலைக் குத்திக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்று சல்யூட் வைத்தீர்கள். கை இறங்கும்வரை ஒருவர்கூட அசையவில்லை.

பாடையைத் தூக்கிய ஆறு பேருக்குத் தனியாக ஒரு வார்த்தை. பட்டாளத்தில் துண்டு துண்டாகக் கொண்டுபோய்க் கோத்துக் கட்டுகிற பெய்லி இரும்புப் பாலத்தின் ஒரு பேனல் பத்தடி நீளம், கால் டன்னுக்கும் மேல் எடை, அதை ஆறு பேர் சேர்ந்துதான் தூக்குவார்கள். அப்பா அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பார், கூடவே "ஒருத்தன் எட்டு மாத்தி வெச்சாலும் மத்தவன் இடுப்பு போயிடும்" என்பார். எங்கள் சந்து எவ்வளவு குறுகல் என்று உங்களுக்கே தெரியும். குழாயடித் திருப்பத்தில் நீங்கள் ஒரே எட்டாக வைத்துத் திரும்பினீர்கள். அப்பாவின் நெற்றியில் வைத்த காசு நகரவில்லை.

குளிப்பாட்டும்போது நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷமாக அப்பாவுக்கு முடிவெட்டுகிற அண்ணன், சவரம் பண்ணிவிட வேண்டும் என்று பெட்டியோடு வந்திருந்தார். அழுதுகொண்டேதான் வந்தார். குனிந்து கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நிமிர்ந்து, "யாரும்மா பண்ணது? எனக்கு வேலையே வெக்கலியே" என்றார். அன்று காலை அஞ்சு மணிக்குத் தம்பி வந்து முடித்திருந்தார். அப்பா போனது ஒன்பது நாற்பதுக்கு.

தம்பி, அந்த மக்கும் ரேசரும் எங்கள் வீட்டு ஜன்னலில்தான் இருக்கின்றன. நீங்கள் வாங்க மாட்டீர்கள் என்று தெரியும். உங்களுக்குக் கல்யாணம் என்றால் மட்டும் சொல்ல மறக்காதீர்கள், நாங்கள் குடும்பத்தோடு வந்து நிற்போம்.

கடைசியாக ஒன்று. நவம்பர் வந்தால் அப்பா சுற்றுவட்டாரத்துப் பழைய பட்டாளத்துக்காரர்களையும் அவர்கள் வீட்டு விதவை அம்மாக்களையும் கூப்பிட்டு வைத்து, பென்ஷன் நிற்காமல் வர வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்ச்சான்று எடுக்க அலைவார். ராணுவப் பென்ஷனை ஆன்லைனில் கவனிக்கிற ஸ்பர்ஷ் வந்த பிறகு பலருக்கு அது தலைவலி. களை எடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது, மெஷின் இல்லை இல்லை என்றே சொல்லும். இப்போது முகத்தைக் காட்டினாலே போனில் முடிகிறது, அதை அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான், பாதி நேரம் செய்து கொடுத்தவளும் நான். இந்த நவம்பரிலும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். பிபிஓ என்கிற பென்ஷன் உத்தரவின் நகல், ஆதார், அதோடு இணைத்த போன், மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஓடிபி வரும், அதனால் போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் போதும், அண்ணன் வண்டியில் என்னைக் கொண்டுவந்து விடுவார்.